தானமாகப் பெற்ற கருமுட்டையில் கர்ப்பம்: பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

காத்திருந்த_கண்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

வயது 40. மாதவிடாய் 36 வயதிலேயே நின்றுவிட்டது. சொந்த முட்டைக்கு வழியில்லை என்று தெரிந்த பிறகு, தானமாகப் பெற்ற கருமுட்டையில் ஐவிஎஃப் செய்தோம். முதல் முறை கரு ஒட்டவில்லை. இரண்டாம் முறை, உறையவைத்திருந்த ஒரே ஒரு கருவை (உறைகரு) வைத்தார்கள். இப்போது ஒன்பது வாரம். இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டோம்.

அடுத்த வாரத்தோடு கருத்தரிப்பு மையத்தின் வேலை முடிகிறது. பிறகு வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போகப் போகிறேன். மையத்தில் தந்த கடிதத்தில் ‘ஐவிஎஃப் கர்ப்பம், உறைகரு மாற்றம்’ என்று மட்டும் இருக்கிறது. தானமுட்டை என்ற சொல்லே இல்லை. அப்படி எழுதச் சொன்னதே நாங்கள்தான். பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் மாமியார் கூட வருவார். அவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டாம் என்பதில் எனக்கும் கணவருக்கும் இரண்டு கருத்து இல்லை.

நேற்றிரவு எதையோ தேடப்போய், இப்படிப்பட்ட கர்ப்பத்தில் ரத்த அழுத்தச் சிக்கல் நான்கு மடங்கு என்று படித்துத் தொலைத்தேன். தூக்கம் போய்விட்டது. கணவரோ, “கரு உள்ளே போன பிறகு அது உன் கர்ப்பம். முட்டை யாருடையது என்பது பிரசவம் பார்ப்பவருக்கு எதற்கு?” என்கிறார். அந்த நான்கு மடங்கு உண்மையா? மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

மழைவாசம்

முதலில் வாழ்த்துகள் தோழி. சொல்லிவிடுங்கள். என் கதையை ராத்திரி எழுதுகிறேன், இப்போது இடுப்பில் ஒரு மூன்று வயதுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

நான்கு மடங்கு என்ற எண்ணைக் கண்டு பயப்படும் முன், எதோடு ஒப்பிட்டு நான்கு என்று பாருங்கள். இயல்பாகக் கருத்தரித்தவர்களோடு ஒப்பிட்டால் பிரீஎக்லாம்ப்சியா (நீங்கள் படித்த அந்தக் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல்) வரும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. சொந்த முட்டையில் ஐவிஎஃப் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால் அது இரண்டு முதல் மூன்று மடங்கிற்குள் இறங்கிவிடுகிறது. உங்கள் நிலைமைக்கு இரண்டாவது ஒப்பீடுதான் பொருத்தம்.

மடங்கை மட்டும் பார்ப்பதும் பிசகு. மொத்தக் கர்ப்பங்களில் 2 முதல் 8 சதவீதம் வரைதான் பிரீஎக்லாம்ப்சியா வருகிறது. சிறிய எண் இரண்டு மடங்கானாலும், வராதவர்களின் கூட்டமே பெரிது. அதோடு, தானமுட்டை பெறுகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதை ஒட்டியவர்கள், முதல் கர்ப்பக்காரர்கள். இது முட்டையின் குற்றமா, வயதின் குற்றமா? என்னைக் கேட்டால் வயது என்பேன். வயது உங்கள் கோப்பின் முதல் வரியிலேயே இருக்கிறது. வேறு எதையும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

பழைய_தாதி

பிரசவ அறையில் முப்பது வருடம் நின்றவள் நான். கணக்குப்பிள்ளையின் முதல் பத்தி சரி, இரண்டாம் பத்தி தவறு.

வயதையும், எத்தனையாவது கர்ப்பம் என்பதையும், ஒரு குழந்தையா இரட்டையா என்பதையும் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்த ஆய்வுகளிலும் கூடுதல் ஆபத்து அப்படியே நிற்கிறது. இன்னொரு சாட்சியும் உண்டு. வாடகைத் தாய்மார்களைப் பாருங்கள். ஏற்கெனவே சிக்கலில்லாமல் பெற்ற, ஆரோக்கியமான பெண்களைத்தான் அதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயிற்றில் சுமப்பது அவர்களுடைய முட்டை அல்ல. அவர்களிடமும் ரத்த அழுத்தச் சிக்கல் கூடுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நடந்து 2024-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், தாய்க்கு வரும் கடுமையான சிக்கல் இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம், ஐவிஎஃப்பில் 4.3, வாடகைத் தாய்மாரில் 7.8. இதை வயதின் தலையில் கட்ட முடியாது.

காரணம் என்ன? சாதாரணக் கர்ப்பத்தில் குழந்தையின் அடையாளக் குறிகளில் பாதி தாயுடையவை. மறுபாதி மட்டுமே உடம்புக்கு அந்நியம். அந்தப் பாதியையே உடம்பு எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்பது மருத்துவத்தின் பழைய வியப்பு. தானமுட்டையில் முழுவதும் அந்நியமாக இருக்கலாம். கருப்பைச் சுவரில் நஞ்சுக்கொடி வேர்விடும்போது தாயின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அகலப்படுத்த வேண்டும். தாயின் எதிர்ப்பு அணுக்களும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அந்தச் சமரசம் அரைகுறையானால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல், அது வெளியிடும் பொருட்கள் தாயின் குழாய்களைக் கெடுத்து அழுத்தத்தை ஏற்றுகின்றன. இப்படிப்பட்ட நஞ்சுக்கொடிகளை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், அழற்சியின் தடயங்கள் அவற்றில் அதிகம் என்கிறார்கள்.

ஆகவே, மகளே, இது உங்கள் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். மாமியாருக்குத் தெரிய வேண்டுமா என்பது உங்கள் வீட்டு விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை

வாடகைத் தாய் எண்களை நான் பார்த்ததில்லை. வயதுதான் காரணம் என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். எண்கள் குறைவு என்ற வாதத்தை விடவில்லை.

ஆய்வகத்தான்

நான் வேலை செய்வது கர்ப்பகாலப் பரிசோதனைக் கூடத்தில். ரத்த அழுத்தம் ஒருபுறம் இருக்கட்டும். சொல்லாமல் விட்டால் முதலில் இடிப்பது வேறோர் இடம்.

11 முதல் 14 வாரத்துக்குள், குழந்தையின் பின்கழுத்தில் உள்ள நீரை அளக்கும் என்டி ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும் மென்பொருள் தொடங்கும் புள்ளியே வயதுதான். யாருடைய வயது? முட்டையின் வயது. 40 வயது முட்டைக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 100-ல் 1. 25 வயது முட்டைக்கு 1,250-ல் 1 அளவில். தானம் தந்தவருக்கு 25 என்றால், படிவத்தில் உங்கள் வயதை எழுதியதுமே பத்து மடங்குக்கு மேல் பொய்யான பயத்தைக் கணினியில் ஏற்றிவிடுகிறீர்கள். விடை ‘அதிக ஆபத்து’ என்று வரும். அடுத்து ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கலாமா என்ற பேச்சு வரும். எதற்காக? ஒரு வரி எழுதாததற்காக.

முட்டை எடுத்த நாளில் தந்தவருக்கு என்ன வயது என்பதை மையத்தில் எழுதி வாங்குங்கள். பெயர் வேண்டாம், வயது போதும்.

தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்ஐபிடி சோதனைக்கும் இது பொருந்தும். அதில் ஒரு வகை, தாயின் மரபணுவையும் குழந்தையுடையதையும் ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. குழந்தையில் தாயின் பாதி இருக்கும் என்று நம்பி அமைக்கப்பட்ட கணக்கு அது. தானமுட்டை என்று முன்பே சொன்னால் பொருத்தமான முறையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அதே வாரங்களில் பிரீஎக்லாம்ப்சியா வாய்ப்பையும் கணிக்கலாம். கையில் ரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதம் ஆகியவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கு அது. அங்கே எழுத வேண்டியது உங்கள் வயதைத்தான். ஒரே நாளில் ஒரே பெண்ணுக்கு இரண்டு வயது. இதைக் குழப்பிக்கொண்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

நெகட்டிவ்_நேசன்

ஒரு கணவனாக எழுதுகிறேன். எனக்கும் மனைவிக்கும் ரத்தப் பிரிவு ஆர்எச் நெகட்டிவ். குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அதன் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்க ஆன்டி-டி ஊசி போடுவார்கள். அப்பா அம்மா இருவருமே நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ், ஆன்டி-டி ஊசி தேவையில்லை என்பது வழக்கம். எங்கள் மருத்துவரும் அப்படியே எழுதிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முட்டை தந்த பெண் பாசிட்டிவ் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். வாசல் வரை வந்து, மனைவியை உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் திரும்பிப் போய்ச் சொன்னேன். 28 வாரத்தில் ஊசி போட்டார்கள். மகள் பாசிட்டிவ்.

வாசலில் அந்த அரை நிமிடம் நான் நின்றதை மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.

மழைவாசம்

மூன்று வயதுக்காரர் தூங்கிவிட்டார். இப்போது என் கதை.

எனக்கு 43 வயதில், தானமுட்டையில், ஒரே குழந்தை. நாங்களும் ‘ஐவிஎஃப்’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். எல்லாம் நன்றாகப் போனது. 33-ஆம் வாரம் மோதிரம் கழற்ற முடியவில்லை. கர்ப்பத்தில் வீக்கம் சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து நெற்றிப்பொட்டில் ஆணி அடித்ததுபோல் தலைவலி. கண் முன்னால் மின்மினிப் பூச்சிகள். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு வலி, அதை வாயுத் தொல்லை என்று நினைத்தேன். மருத்துவமனையில் அளந்தபோது 168/112.

குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, எனக்கு வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட். நரம்பில் அது ஏறும்போது உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நான்காம் நாள் சிசேரியன். மகன் 1.9 கிலோ, பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில். எனக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதுவும் தானமுட்டைக் கர்ப்பங்களில் கூடுதலாக நடக்கிறதாம். முன்பே தெரிந்திருந்தால் ரத்தத்தை எடுத்து வைத்திருப்போம் என்றார் மருத்துவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் மறுபடி 160-ஐத் தாண்டியது. பிள்ளை வெளியே வந்த பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம், முதல் வாரத்தில்தான் அதிகம். அந்த வாரம் வீட்டில் எல்லோரும் குழந்தையைப் பார்ப்பார்கள், உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள்.

காத்திருந்த_கண்

மழைவாசம், படித்துவிட்டு அழுதேன். பயத்தில் அல்ல. மகன் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்று முதலில் எழுதியிருந்தீர்களே, அதை நினைத்து.

முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க ஏதாவது வழி உண்டா? மையத்தில் ஒரு பெண், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது என்றார்.

பழைய_தாதி

அந்த ஊசிகளை விட்டுவிடுங்கள். அந்நிய முட்டை, ஆகவே எதிர்ப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கொழுப்புக் கலவையோ, ஸ்டீராய்டு மாத்திரையோ பிரீஎக்லாம்ப்சியாவைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

ஆதாரம் இருப்பது பழைய, மலிவான ஆஸ்பிரினுக்கு. 2017-ல் வெளிவந்த ஆஸ்ப்ரே ஆய்வில், ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினமும் இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுவிடும் பிரீஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. கவனியுங்கள், 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் முழுப் பலன். நஞ்சுக்கொடி வேர்விட்டு முடித்த பிறகு மாத்திரை போட்டு என்ன பயன்? உங்களுக்கு இப்போது ஒன்பது வாரம். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முட்டைக் கதையைத் தள்ளிவைத்தாலும், 40 வயதும் முதல் கர்ப்பமும் சேர்ந்தாலே பல வழிகாட்டுதல்கள் ஆஸ்பிரின் தரச் சொல்கின்றன. தானமுட்டை என்று தெரிந்தால் மருத்துவர் தயங்க மாட்டார். நீங்களாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்பிரினால் மூச்சிரைப்பு வருகிறவர்களுக்கும், ரத்தக் கசிவு இருப்பவர்களுக்கும், வயிற்றுப்புண்காரர்களுக்கும் வேறு கணக்கு.

இரண்டாம்_வரிசை

ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்குச் சுழற்சி ஓரளவு ஒழுங்காக இருந்தது, முட்டையின் தரம்தான் போதவில்லை. அதனால் கருவை மாத்திரைச் சுழற்சியில் வைக்காமல், என் இயல்பான சுழற்சியிலேயே வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

முட்டை வெடித்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரட்சி உருவாகிறது. புரோஜெஸ்டிரானோடு ரிலாக்சின் போன்ற வேறு சிலவற்றையும் அது சுரக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாயின் ரத்தக் குழாய்கள் இளகுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. மாத்திரையாலும் ஊசியாலும் கருப்பையைத் தயார் செய்யும்போது இந்தத் திரட்சியே இருக்காது. அப்படிப்பட்ட கர்ப்பங்களில் பிரீஎக்லாம்ப்சியா அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே முழுப் பழியும் முட்டையின் மேல் இல்லை.

தலைப்பைத் தொடங்கியவருக்கு மாதவிடாய் நின்றுவிட்டது, அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. இன்னும் கரு வைக்காமல் இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒற்றை_எக்ஸ்

எனக்கு டர்னர் சிண்ட்ரோம், அதாவது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாத பிறவி நிலை. தானமுட்டையில் கர்ப்பம் சாத்தியம் என்று ஒரு மையத்தில் உற்சாகமாகத் தேதியே குறித்தார்கள். வேறோர் இதய மருத்துவர் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து நிறுத்தினார். எங்களுக்குப் பெருந்தமனி அகன்று கிழியும் ஆபத்து உண்டு, கர்ப்பத்தில் அது பெருகுகிறது. நூற்றில் இருவராவது இறக்கக்கூடும் என்று 2003-ல் ஒரு கணக்கு வந்தது. அளவைக் கடந்து தமனி விரிந்திருந்தால் கர்ப்பமே வேண்டாம் என்பார்கள். நான் பெறவில்லை. அந்த முடிவைப் பற்றி வருடத்துக்கு ஒரு நாள் அழுவேன், மற்ற நாட்களில் உயிரோடு இருக்கிறேன்.

கேட்க வந்தது இதுதான்: 36 வயதில் ஏன் நின்றது என்று பார்த்தார்களா? குரோமோசோம் பரிசோதனை எடுத்தார்களா? தைராய்டு?

காத்திருந்த_கண்

எடுத்தார்கள் அக்கா. குரோமோசோம் இயல்பாக இருக்கிறது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நீங்கள் கேட்டதற்கு நன்றி. என் சொந்தத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை, கேட்கவும் முடியாது.

எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. மாமியார் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுவார்.

பழைய_தாதி

எடை பார்க்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் தனியாகத்தான் கூப்பிடுவார்கள். அப்போது நர்ஸிடம் ஒரு மடித்த சீட்டைக் கொடுங்கள். அதில் மூன்று செய்திகள்: தானமுட்டை, முட்டை தந்தவரின் வயதும் ரத்தப் பிரிவும், ‘கூட வருபவருக்குத் தெரியாது.’ மூன்றாவது வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் ஸ்கேன் அறையில் யாராவது உரக்கக் கேட்டுவைப்பார்கள். என் காலத்தில் அப்படி ஒரு வீடு உடைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கையோடு கொண்டுபோகும் கோப்பின் அட்டையில் எழுத வேண்டாம், உள்ளே மருத்துவர் குறிப்பில் மட்டும் எழுதுங்கள் என்று கேளுங்கள். ஆனால் உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். நள்ளிரவில் வலி வந்தால் பணியில் இருப்பவர் உங்கள் மருத்துவராக இருக்க மாட்டார்.

காத்திருந்த_கண் *(நான்கு வாரம் கழித்து)*

சீட்டுக் கொடுத்தேன். மருத்துவர் படித்தார், சட்டைப் பையில் வைத்தார், மாமியாரிடம், “இவரைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்” என்றார். அடுத்த நாள் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார்.

ஆஸ்பிரின் இரவில் ஒன்று. 12-ஆம் வாரத்தில் ஸ்கேன், படிவத்தில் முட்டையின் வயது 27. டவுன் வாய்ப்பு குறைவு என்று வந்தது. 24 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் வளர்ச்சி பார்க்கக் கூடுதல் ஸ்கேன்கள். நீரிழிவுச் சோதனை இப்போது ஒன்று, பிறகு ஒன்று. வீட்டில் ரத்த அழுத்தக் கருவி வாங்கச் சொன்னார். 140/90-ஐத் தொட்டால் அன்றே அழைக்க வேண்டும், 160/110 என்றால் அழைக்காமல் நேரே வந்துவிட வேண்டும்.

கணவரும் அந்தத் தொலைபேசிப் பேச்சைக் கேட்டார். வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கருவியைப் பிரித்து, தன் கையில் கட்டி அளந்து பார்த்தார். அவருக்கு 138/88. இப்போது வீட்டில் இரண்டு நோயாளிகள்.

ஆய்வகத்தான்

பட்டை உங்கள் கைச் சுற்றளவுக்குச் சரிதானா என்று பாருங்கள். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கர்ப்பிணிகளிடம் சோதித்து ஒப்புதல் பெற்ற கருவியா என்றும் கேளுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கால் தரையில் பதித்து, கை நெஞ்சு உயரத்தில், பேசாமல்.

மழைவாசம்

பேசாமல் என்பதுதான் கஷ்டம்.

புதிய_தளிர்

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். எனக்கு ஏழு வாரம், தானமுட்டை. நெகட்டிவ்_நேசன் எழுதியதைப் படித்தவுடன் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நானும் நெகட்டிவ், கணவரும் நெகட்டிவ். முட்டை தந்தவரின் ரத்தப் பிரிவு எங்கள் தாள்களில் எங்கும் இல்லை. இப்போது கேட்டால் மையத்தில் தருவார்களா?

நெகட்டிவ்_நேசன்

கேளுங்கள். பெயரைத்தான் தர மாட்டார்கள், ரத்தப் பிரிவு அவர்கள் பதிவேட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் தெரியவில்லை என்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு ஊசியைத் திட்டமிடுவார்கள். இடையில் ரத்தக் கசிவு தெரிந்தால் 28 வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். உங்கள் கணவர் வாசலில் நின்று யோசித்தால், அவரை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.